பன்னிரண்டு வருகைத் தாள்கள்

விரிவுரையாளர் விடுதி
06.07.2024

அன்புள்ள ஸாலிஹா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் பஹீமாவும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் சுகம். இந்த மலைநாட்டில் மழை விட்டபாடில்லை. காயப்போட்ட உடுப்பு மூன்று நாளாக அதே ஈரத்தோடு தொங்குகிறது. உங்கள் சுகத்தையும் மச்சானின் முதுகு வலியையும் எழுதுங்கள்.

"காது போன எனக்குப் போன் எதற்கு? வாட்ஸப்பில் நீ 'ஓகே' என்று ஒரு சொல்லோடு ஓடிவிடுவாய். கடிதம் என்றால் குந்தியிருந்து எழுதுவாய்" என்று நீங்கள் போட்ட சட்டத்தை மதித்து இன்றும் குந்தியிருக்கிறேன். அதற்கேற்ற சேதியும் இருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழகச் செய்திமடலை இத்துடன் வைத்திருக்கிறேன். "எம்மவரின் அண்மைய சாதனைகள்" என்ற பக்கத்தைப் பாருங்கள். முதலாவது படம் உங்கள் தம்பி. சமூகப் பணிக்கான இந்த வருட விருது எனக்குத்தான். போன வருடம் ஏறாவூர் ஆற்றங்கரையில் நம் பெண்களுக்கு நடத்திய நண்டு வளர்ப்புப் பயிற்சிக்குக் கிடைத்தது. அந்தப் பெண்களின் குழுப் படமும் பக்கத்தில் இருக்கிறது. உபவேந்தர் மேடையில் என் பெயரை இரண்டு தரம் சொன்னார். பேராசிரியர் பதவிக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். ஆய்வுக்குப் புள்ளி போதும், சமூகப் பணியில்தான் குறைந்திருந்தது. அந்தக் குறையும் தீர்ந்தது.

வாப்பா இருந்திருந்தால் தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்திருப்பார். அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் துஆவை வேண்டும்,
தம்பி இர்ஷாத்


ஆற்றங்கரை வீதி, ஏறாவூர்
19.07.2024

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். உன் மச்சானின் முதுகு வலி பள்ளிவாசலுக்குப் போகும்போது இல்லை, தேங்காய் உரிக்கச் சொன்னால் வருகிறது. அதை ஒரு வருத்தம் என்று நான் எடுப்பதில்லை.

உன் படத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். கோட் போட்டால் அப்படியே வாப்பாதான். வட்டிலப்பம் அவித்து ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுச் சபூராவுக்கு மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. அவள் வீட்டில் இல்லை போலக் கிடந்தது.

உன் படத்துக்குக் கீழே நூலகத்தில் வேலை செய்யும் ஒரு மனிசரின் படம் இருக்கிறது. நானூறு பழைய புத்தகங்களைத் தன் கையால் தைத்துக் கட்டியிருக்கிறாராம். படம் எடுக்கும்போதுகூட அவர் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மனிசரைப் பிடித்துப்போயிற்று.

இந்தப் பக்கத்தைச் சுவரில் மாட்டுவோமா என்று சப்னா கேட்டாள். வேண்டாம் மகள், சுவர் ஈரம் என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். பன்னிரண்டு நாள் பயிற்சி என்று போட்டிருக்கிறார்கள். அச்சடிப்பவர்களுக்கு அவசரம் போல.

குளிரில் தலையை மூடிக்கொண்டு திரி.

உன் ராத்தா
ஸாலிஹா


விரிவுரையாளர் விடுதி
03.08.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் சுகம். சின்னவனுக்கு மட்டும் கொஞ்சம் தடிமன், மூக்கு ஒழுகுகிறது.

ஏறாவூரில் ஆடி மாதத்தில் எந்தச் சுவர் ஈரம், ராத்தா? கண்ணாடி போட்டு மாட்டுங்கள். நீங்கள் ஒளித்துவைத்தாலும் மருமகள் விடவில்லை. சப்னா அந்தப் பக்கத்தைப் படமெடுத்து முகநூலில் போட்டதைப் பார்த்தேன். "எங்கள் மாமா" என்று எழுதியிருக்கிறாள். இருநூறு பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள்.

பயிற்சி விபரங்களை அலுவலகம் தன் பாணியில் எழுதும். அதை நீங்கள் பெரிதாக எடுக்க வேண்டாம்.

பதவி உயர்வு விஷயம் நன்றாகப் போகிறது. யாராவது வந்து பெண்களைச் சந்திக்கக்கூடும் என்று பீடாதிபதி சொன்னார். வந்தால் அறிவிப்பேன்.

அன்புடன்
தம்பி


ஏறாவூர்
22.09.2024

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறோம். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே. பேனையை எடுப்பேன், வைப்பேன். ஒன்றரை மாதம் அப்படியே போய்விட்டது.

சப்னா போட்ட படத்தைச் சபூராவின் மகன் அவளுக்குக் காட்டியிருக்கிறான். சபூரா போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தாள். என்னோடு பேச வருபவர்கள் எழுதுவதற்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன் அல்லவா, அதை எடுத்து எழுதினாள். அவள் எழுதியபடியே தருகிறேன்: "பன்னிரெண்டு நாளாம். கூடு குடுத்தாங்களாம். குஞ்சு நண்டும் குடுத்தாங்களாம். எண்ட படமும் இதுல இரிக்கி. எண்ட கூடு எங்க ஸாலிஹா?"

நான் என்ன எழுத? நீ வந்தது ஒரு நாள். வாசிகசாலையில் இரண்டு மணித்தியாலம் பேசினாய். சோற்றுப் பார்சல் கொடுத்தாய். ஆளுக்கொரு பைலும் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட பேனையும் கொடுத்தாய். பிறகு பன்னிரண்டு தாளில் கையெழுத்து வாங்கினாய். சுனாமிக்குப் பிறகு நம் பெண்களுக்கு இது பழக்கம். நிவாரணம் என்றால் ஒரு தாள் மாவட்டக் கச்சேரிக்கு, ஒன்று பிரதேச சபைக்கு, ஒன்று வெள்ளைக்காரனுக்கு என்று கை வலிக்கப் போட்டவர்கள். இதையும் அப்படித்தான் நினைத்தார்கள். தாள் கூடினால் சாமான் கட்டாயம் வரும் என்றுகூடச் சொன்னார்கள்.

சபூரா அன்றைக்கே றால் உரிக்கும் வாடி வேலையை விட்டவள். கூடு வரப்போகிறது என்று சொல்லித் தன் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்தாள். கூடு கட்டி வைக்க ஆற்றில் இறங்கி இருபத்தாறு கம்பு நட்டாள். அந்தக் கம்புகள் இன்னும் நிற்கின்றன. கொக்கு குந்துகிறது. வாடியில் அவளுக்கு இனி இடமில்லை.

முப்பத்தெட்டுப் பேரையும் வாசல் வாசலாகப் போய்க் கூப்பிட்டவள் நான். இப்போது கலியாண வீட்டுக்குப் போக வெட்கமாக இருக்கிறது. காது கேட்காதது ஒரு வகையில் நல்லதுதான்.

இது எப்படி நடந்தது என்று எழுது.

ஸாலிஹா


விரிவுரையாளர் விடுதி
30.09.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைக் காரியாலயத்தில் வைத்துப் பிரித்தேன். முடிக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டு வந்து முடித்தேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். பன்னிரண்டு நாள் செய்யத்தான் திட்டம். கூட்டுக்கும் நண்டுக்கும் ஒரு நிறுவனம் பொறுப்பேற்றிருந்தது. அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். அதற்குள் அறிக்கை கேட்டார்கள். தாள்கள் கையில் இருந்தன. அடுத்த மாதம் செய்துவிடலாம் என்று நினைத்து நிரப்பினேன். அடுத்த மாதம் பரீட்சை, அதற்கடுத்த மாதம் வெள்ளம். பிறகு அது செய்து முடித்த வேலையாகவே எனக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது. இதை எழுதவே கூசுகிறது.

ஆனால் இப்போது பின்வாங்க முடியாது ராத்தா. ஒக்டோபர் 19ஆம் திகதி சனிக்கிழமை மூன்று பேர் ஏறாவூருக்கு வருகிறார்கள், பெண்களை நேரில் கண்டு கேட்பதற்கு. விண்ணப்பித்தவன் கூட வரக்கூடாது என்பது விதி. நீங்கள் பெண்களைக் கூட்டித் தேத்தண்ணி கொடுத்தால் போதும். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. தலையை ஆட்டினால் காணும். இது பிழைத்தால் பதவி உயர்வு மட்டுமல்ல, வேலையே போகும். பஹீமாவுக்கு ஒன்றும் தெரியாது.

உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

தம்பி


ஏறாவூர்
08.10.2024

தம்பிக்கு,

ஸலாம். சுகம்.

கூட்டுவேன். தேத்தண்ணி கொடுப்பேன். யாருடைய தலையையும் என்னால் ஆட்ட முடியாது.

ஸாலிஹா


ஏறாவூர்
20.10.2024

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மனம் தாங்குவதற்கு அல்லாஹ் பலம் தரட்டும். இதை ஆறுதலாக இருந்து வாசி.

நேற்று மூன்று பேரும் வந்தார்கள். இரண்டு சிங்கள ஐயாமார், தமிழ் பேசுகிற ஒரு அம்மா. பெண்கள் இருபத்தொன்பது பேர் வந்தார்கள். சப்னா டியூஷனுக்குப் போய்விட்டாள், அதனால் என் பக்கத்தில் எழுதிக்காட்ட ஆளில்லை. தேத்தண்ணித் தட்டோடு நான் சுவரோரம் நின்றேன்.

அந்த அம்மா ஏதோ கேட்டா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சபூரா எழும்பினாள். கால்மணி நேரம் பேசியிருப்பாள். ஆற்றுப் பக்கம் கை காட்டினாள். எல்லோரையும் கூட்டிக்கொண்டுபோய்த் தான் நட்ட கம்புகளைக் காட்டினாள். வெறும் கம்பு, ஒரு கூடும் இல்லை. ஐயாமார் தலையைத் தலையை ஆட்டினார்கள். அந்த அம்மா சபூராவின் தோளில் கை வைத்தா. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டா.

முடிந்தது தம்பி. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யாரிடமும் கொப்பியை நீட்டி என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சபூரா என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

உன்னை நினைத்தால் கவலைதான். ஆனால் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், ஒரு வருடத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். வேலை போனால் போகட்டும். இங்கே வா. உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் உனக்கொரு அறை எப்போதும் இருக்கிறது.

உன் ராத்தா
ஸாலிஹா


ஏறாவூர்
11.12.2024

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பஹீமாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? என் கடிதத்துக்கு ஏழு கிழமையாகப் பதில் இல்லை. இங்கே வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. வீட்டுக்குள் ஏறவில்லை. நான் வெளியே போவதில்லை, பெண்களும் என் கொப்பிப் பக்கம் வருவதில்லை.

என்மேல் கோபமா? கோபப்படு, ஆனால் எழுது. விசாரணை வைத்தார்களா? மச்சான் நேரே வருகிறேன் என்கிறார், முதுகு வலி இல்லையாம். சப்னாவை உனக்கு மெசேஜ் போடச் சொன்னேன். "மாமா பார்த்தாரு, பதில் இல்ல" என்று எழுதிக்காட்டினாள்.

ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கேட்கிறேன். நீ தவறான முடிவு ஒன்றுக்கும் போய்விடாதே தம்பி. மானம் கெட்டுப்போய் உயிரோடு இருப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்திதான்.

ஸாலிஹா


விரிவுரையாளர் விடுதி
26.01.2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உயிரோடு இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் என் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. தினமும் எடுத்து வாசிக்கிறேன்.

வேலை போகவில்லை. டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து நான் பேராசிரியர்.

அந்த மூன்று பேரின் அறிக்கையைப் பார்த்தேன். சபூரா ராத்தா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு நாளும் நான் நேரம் தவறாமல் வந்தேனாம். சதையில்லாத நண்டு கொழுக்க எப்படித் தீன் போடுவது என்று தண்ணீருக்குள் இறங்கி நின்று காட்டினேனாம். 2023 மார்கழி வெள்ளம் கூடுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டதாம், கம்பு மட்டும் மிஞ்சியதாம். "பாதிப்பின் மத்தியிலும் பயனாளிகளின் நன்றியுணர்வு நெகிழவைத்தது" என்று கடைசியில் இருக்கிறது.

நீங்கள் சுவரோரம் நின்று உண்மை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

உங்களுக்கு எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். நிம்மதியாகத் தூங்கினேன் என்று நீங்கள் எழுதிய வரியிலேயே கை நின்றுவிடுகிறது. புதிய செய்திமடலிலும் என் படம் வந்திருக்கிறது, உங்களுக்கு அனுப்பவில்லை. நூலகத்தில் புத்தகம் கட்டும் அந்த மனிசர் நேற்று என்னைக் கண்டு எழும்பி நின்று வாழ்த்துச் சொன்னார். கையில் பசை இருந்ததால் கை கொடுக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். தேடிப்போன புத்தகத்தை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

சபூரா ராத்தா ஏன் அப்படிச் சொன்னா?

இர்ஷாத்


ஏறாவூர்
16.02.2025

தம்பிக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை வாசித்த கையோடு கொப்பியை எடுத்துக்கொண்டு சபூராவிடம் போனேன். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன்:

"உண்மையச் சொல்லத்தான் வந்த நான். இந்தப் பொண்டுகளக் கூட்டினது யாரு, கையெழுத்து வாங்கினது யாரு எண்டு அந்தம்மா கேட்டா. எல்லாரும் உன்னப் பாத்தாங்க. உனக்கு ஒண்டும் கேக்கல்ல. தட்டப் புடிச்சிட்டு நிண்டாய், கோப்பையெல்லாம் நடுங்கிச்சி. நான் உண்மையச் சொன்னா உன் தம்பி மலைக்கு மேல இருப்பாரு. நீதான் இஞ்ச இரிக்கோணும். பழி உனக்குத்தான் வரும். அவருக்காகச் சொல்லல்ல. இனி ஒரு தாளோடயும் எண்ட வாசலுக்கு வராத."

அந்தத் தாளைக் கிழித்து எடுக்க எனக்கு மனமில்லை. கொப்பியில் அப்படியே இருக்கிறது.

உன்னை ஏசுவதற்கு முன்னால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அந்தப் பன்னிரண்டு தாள்களையும் அடுக்கிக் கொடுத்தவள் நான். கையெழுத்துத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவளும் நான். எல்லாத் தாளிலும் மேலே திகதி என்று அச்சடித்து, பக்கத்தில் கோடு வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். ஒரு நாள் வேலைக்குத் திகதி போடாத பன்னிரண்டு தாள் எதற்கு என்று மனம் கேட்டது. வாய் கேட்கவில்லை. காதில்லாதவள், எட்டாம் வகுப்போடு நின்றவள், படித்த தம்பியை நாலு பேர் முன்னால் கேள்வி கேட்பதா என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு அன்று பெருமை. ராத்தாவின் தம்பி வந்திருக்கிறார் என்று எல்லோரும் என்னைப் பார்த்ததில் பெருமை.

இப்போது நீ செய்ய வேண்டியதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. நோன்புக்கு முன்னால் செய். நீ எழுதாவிட்டால் நான் அந்த அம்மாவுக்கு எழுதுவேன். எனக்கு நல்ல கையெழுத்து.

ஸாலிஹா


விரிவுரையாளர் விடுதி
09.03.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமழான் முபாரக். நோன்பு எப்படிப் போகிறது? நோன்புக்கு முன் என்றீர்கள், ஒரு கிழமை பிந்திவிட்டது.

பஹீமாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நோன்பு திறக்கும்போது ஈச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினா, அவ்வளவுதான்.

உபவேந்தருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஒரு நாள்தான் பயிற்சி நடந்தது, மற்றப் பதினொரு நாளும் நான் நிரப்பியவை, கூடுகள் கொடுக்கவே இல்லை, விருதையும் பதவியையும் திருப்பித் தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். பெண்கள்மேலும் உங்கள்மேலும் எந்தப் பிழையும் இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். சபூரா ராத்தாவுக்குக் காட்டுங்கள். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். வாசித்தால் போதும்.

எழுதி முடித்த பிறகு மனம் லேசாக இருக்கிறது.

உங்கள் தம்பி
இர்ஷாத்


ஏறாவூர்
20.03.2025

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நோன்பு நல்லபடி போகிறது. வெயில்தான் தாங்க முடியவில்லை. பஹீமாவுக்கு என் ஸலாமைச் சொல்லு. அவ இருந்திருந்து பேசுவா, அவசரப்படுத்தாதே.

உன் கடிதத்தின் பிரதியைச் சபூராவிடம் கொண்டுபோனேன். தாளோடு வராதே என்றவள், ஆகவே வாசலுக்கு வெளியே வேலியோரம் நின்றேன். அவளே வந்து வாங்கினாள். வெயிலில் நின்றபடி இரண்டு தரம் வாசித்தாள். நீ நன்றாகத்தான் எழுதியிருந்தாய், நானும் நாலு தரம் வாசித்து அழுதேன்.

சபூரா அழவில்லை. கடிதத்தின் மேல்பக்கத்தில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள். பிறகு கொப்பியை வாங்கி ஒரு வரி எழுதினாள்: "இதுலயும் திகதி இல்ல ஸாலிஹா."

பார்த்தேன் தம்பி. கீழே உன் கையெழுத்து இருக்கிறது. மேலே திகதி என்று போட்டு, பக்கத்தில் வெறுமையாக விட்டிருக்கிறாய். எழுதிவிட்டேன் என்றுதான் நீ சொன்னாய். அனுப்பிவிட்டேன் என்று உன் கடிதத்தில் எங்கும் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள்.

சபூரா உள்ளே போய் ஒரு பேனையைக் கொண்டுவந்து தந்தாள். நீ அன்று கொடுத்த பேனை, உங்கள் சின்னம் போட்டது. பன்னிரண்டு கையெழுத்துக்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லையாம். எழுதுமா என்று என் உள்ளங்கையில் கீறிப் பார்த்தேன். எழுதுகிறது.

பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன். பேனையும் உள்ளே இருக்கிறது.

உன் சுகத்துக்கு துஆச் செய்யும்
ராத்தா ஸாலிஹா